இரண்டாம் நாளின் அன்பு



கிறிஸ்து ஜயந்தியை முன்னிட்டுச் சமய பேதம் பாராமல் ஊரார் அனைவரும் கூடியிருக்கும் இந்தச் சபையில், விசுவாசத்தைப் பற்றி நான் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் பணித்திருக்கிறார்கள். வேத வியாக்கியானம் செய்வதற்குத் தகுதி வாய்ந்தவர்கள் இம்மேடையிலேயே வீற்றிருக்கிறபடியால், அந்தப் பொறுப்பை அவர்களுக்கே விட்டுவிட்டு, கொல்லிமலையில் வளர்ந்து வேலூரில் உழைத்த ஒரு வைத்தியரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

பால் பிராண்ட் என்பது அவர் பெயர். இங்கிலாந்திலிருந்து ஊழியம் செய்ய வந்த ஜெஸ்ஸி, ஈவ்லின் தம்பதிகளுக்கு 1914-ஆம் ஆண்டில் பிறந்தவர். காய்ச்சலும் நரம்புச் சிலந்தியும் வீட்டுக்கு வீடு குடியிருந்த அந்த மலையில், புண்ணிலிருந்து தலைகாட்டும் சிலந்திப் புழுவை அறுந்துவிடாமல் ஒரு குச்சியில் மெல்ல மெல்லச் சுற்றி வெளியே எடுக்கும் தந்தையின் பொறுமையைச் சிறு பிள்ளையாக அருகிருந்து பார்த்தவர். அத்தந்தையார் 1929-இல் அதே மலையில் காய்ச்சலுக்கு இரையானார். மகனோ, இங்கிலாந்தில் முதலில் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்று, பின்னர் சத்திர சிகிச்சையில் தேர்ந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில், டாக்டர் காக்ரேன் என்னும் நிபுணருடன் அவர் நடந்துபோகையில், விரல்கள் உள்ளே மடங்கி பறவையின் கால்நகங்களைப் போல் வளைந்திருந்த கைகளை வரிசை வரிசையாகக் கண்டார். அவற்றுள் ஒரு கையில் தம் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கும்படி அந்த நோயாளியைக் கேட்டார். பிடித்த பிடியில் வைத்தியருக்கே கை நொந்துபோயிற்று. செத்துவிட்டதென்று உலகம் கைவிட்ட அந்தக் கைக்குள் இத்தனை பலம் உயிரோடிருக்கிறதே என்ற வியப்பிலிருந்துதான், நல்ல தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரலோடு இணைக்கும் சிகிச்சையைத் தொழுநோயாளிகளின் கைகளுக்குச் செய்யும் முயற்சி வேலூரில் தொடங்கிற்று.

அவரைப் பற்றிப் பலரும் எடுத்துச் சொல்லும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஓர் இளைஞனைப் பரிசோதித்துக்கொண்டே, சிகிச்சையைப் பற்றிப் பேச்சுவாக்கில் அவன் தோள்மீது கையை வைத்தார் வைத்தியர். அவன் தேம்பித் தேம்பி அழலானான். தாம் ஏதேனும் தவறாகப் பேசிவிட்டோமோ என்று அவர் திகைத்துப் பக்கத்திலிருந்தவரை விசாரிக்க, பல ஆண்டுகளாகத் தன்னை மனிதர் யாரும் தொட்டதில்லை, அதனால் அழுகிறான் என்று தெரியவந்தது. தொழுநோயாளியைக் கரம் நீட்டித் தொட்ட ஆண்டவரைச் சுவிசேஷத்தில் படித்தவர்களுக்கு, அந்தக் கை யாரிடம் பாடம் கேட்ட கை என்று நான் விளக்கவேண்டியதில்லை.

ஆனால், என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: அந்த நிகழ்ச்சியைக் கேட்டுக் கண்கலங்குவது நமக்கு மிகவும் எளிது. எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது, அவர் பூனை வளர்க்கச் சொன்ன கதைதான். (சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.)

சிகிச்சையால் விரல் நிமிர்ந்தவர்கள் ஊருக்குப் போனார்கள். போனவர்களில் சிலர் திரும்பி வந்து முறையிட்டார்கள். கை கோணலாயிருந்தபோது பிச்சையாவது விழுந்தது. இப்போது பிச்சையும் இல்லை, நோயின் தழும்பைக் கண்டு வேலை கொடுப்பாரும் இல்லை என்றார்கள். நம்மில் பலர் அந்த இடத்தில், செய்ததற்கு நன்றி கெட்டவர்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்போம். அவரோ, தாம் இளமையில் கற்ற தச்சு வேலை இதற்கென்றே போலும் என்று எண்ணி, நவஜீவ நிலையம் என்ற இல்லத்தில் அவர்களைக் குடிவைத்து, உளியும் வாளும் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அங்கே அடுத்த சங்கடம் முளைத்தது. இரவில் நன்றாயிருந்த விரலில் காலையில் சதை காணாமல் போயிற்று. நோய்தான் விரலைத் தின்கிறது என்று அதுவரை எல்லாரும் நம்பியிருக்க, இரவு கண்விழித்துக் காவலிருந்து பார்த்தபோது, வலியறியாமல் தூங்குபவனின் விரலை எலி கடிப்பது தெரிந்தது. அன்று முதல், அந்த இல்லத்தை விட்டு வீடு திரும்புகிறவர் ஒவ்வொருவரும் ஒரு பூனையையும் உடன் கொண்டு போகவேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

இன்னொரு நாள், துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருப்ப முடியாமல் வைத்தியர் திணறிக்கொண்டிருக்க, பத்து வயதுப் பையன் ஒருவன் முன்வந்து ஒரே திருப்பாகத் திருப்பித் திறந்துவிட்டான். தரையில் ஒரு துளி ரத்தத்தைக் கண்டு அவன் விரலைப் பிடித்துப் பார்த்தால், எலும்பு தெரியும்படி சதை கிழிந்திருந்தது. பையனுக்கோ ஒன்றும் தெரியவில்லை. வலி என்பது தண்டனையல்ல, காவல்காரன் என்று அவர் பிற்காலத்தில் ஓயாமல் போதித்ததற்கு இத்தகைய அனுபவங்களே ஆதாரம். கால்களைப் பற்றிய கவலையும் இப்படியே பிறந்தது: ஆணி குத்தினாலும் அறியாத பாதங்களுக்கு மெத்தென்ற ரப்பரில் செருப்பு, நாள்தோறும் பாதங்களை நீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, புண் இருக்கிறதா என்று உற்றுப் பார்க்கும் பழக்கம். சீஷர்களின் பாதங்களைக் கழுவிய குருநாதரை ஆண்டுக்கொருமுறை பெரிய வியாழனன்று நினைவுகூர்கிறோம். வேலூரை அடுத்த கரிகிரி மருத்துவமனையிலோ, பாதங்களைப் பேணுவது வாரநாள் வேலையாக நடந்து வந்திருக்கிறது.

நல்ல சமாரியன் கதையில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டியதைப் பிரசங்கிகள் வர்ணிப்பார்கள். மறுநாள் புறப்படும்போது சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று கணக்குத் திறந்துவைத்துப் போனானே, அந்த இரண்டாம் நாளைப் பற்றி அதிகம் பேசக் காணோம். முதல் நாளின் இரக்கம் இயல்பாகவே ஊறுவது. எந்த மதத்தாருக்கும், மதமே வேண்டாமென்பாருக்குங்கூட ஊறும். இரண்டாம் நாளுக்குத்தான் விசுவாசம் தேவைப்படுகிறது என்பது என் துணிபு.

இந்த இரண்டாம் நாள் அன்பில் மகன் பிராண்ட் இப்படியென்றால், தாய் அவருக்கும் ஒரு படி மேல். வயதாகிவிட்டது, ஓய்வு பெறுங்கள் என்று அவரை ஊழியத்துக்கு அனுப்பிய சங்கத்தார் சொன்ன பிறகும், ஈவ்லின் அம்மையார் தம் பொறுப்பிலேயே மட்டக்குதிரை ஏறி மலைமலையாகப் போய் ஊழியம் செய்து, 1974-இல் தமது 95-ஆம் வயதில் காலமானார்.

நாங்கள் வைத்தியர்களல்லவே என்று நீங்கள் கேட்கலாம். நம் தெருவில் ஒருவர் பக்கவாதம் கண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தால், முதல் வாரத்தில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைக்க அலமாரியில் இடமிராது. மூன்றாம் மாதத்தில், முள்ளாய் வளர்ந்த தாடியோடு அவர் வாசலைப் பார்த்துப் படுத்திருப்பார். கடைக்குப் போகமுடியாமல் அவர் மனைவி மாத்திரைச் சீட்டை முந்தானையில் முடிந்துவைத்திருப்பாள். அவருக்கு முகச்சவரம் செய்துவிட ஒரு சவரக்கத்தியும் அரைமணி நேரமும் போதும். மருந்துக் கடையோ நாம் போகும் வழியில்தான் இருக்கிறது. அந்த வீடு எதுவென்று இச்சபையில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இந்நேரம் நினைவுக்கு வந்திருக்கும், எனக்கும் வந்துவிட்டது.