சனிக்கிழமைச் சம்பளமும் பத்தாம் வகுப்பும்

1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. பின்னர் வார்ப்படசாலைகளும், பம்பு, மோட்டார் பட்டறைகளும் பீளமேட்டில் தோன்றின. அவை நம்மவர்க்கும் சோறளித்தன, மறுப்பதற்கில்லை. ஆனால், அவையே நம் பிள்ளைகளுக்குச் சோதனையாகவும் அமைந்துவிட்டன.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் திடீரென நின்றுவிடுகிறான். விசாரித்தால், "பட்டறைக்குப் போறானுங்க சார்" என்கிறார் தாயார். அவனைச் சோம்பேறி என்போமா? வீட்டில் கடன் நெருக்குகிறது. சனிக்கிழமைச் சம்பளம் உடனே கைக்கு வருகிறது. படித்த அண்ணன் வேலையின்றி இருந்தால், தம்பிக்குப் பள்ளி கசப்பது இயல்பே.

எனினும், கணக்கை முழுவதும் போட்டுப் பார்ப்போம். பத்தாம் வகுப்பில் தேறியவன் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர், டர்னர் பிரிவுகளில் சேரலாம். பட்டறை ஒன்றே, சான்றிதழ் பெற்றவன் லேத்தை இயக்குகிறான், பெறாதவன் இரும்புத் தூளைக் கூட்டுகிறான். நம் தந்தையர் பிடித்த துடைப்பமே அவன் கைக்கும் வருகிறது.

உயர்கல்வியில் சேரும் அரசுப் பள்ளி மாணவியர்க்கு 2022இலும், மாணவர்க்கு 2024இலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டங்களைத் தமிழக அரசு தொடங்கியது. ஒன்பதிலேயே நின்றவனுக்கு அவ்வுதவி எட்டாது. அந்த இடைக்காலத்தைக் கடத்திவிடுவது யார் பொறுப்பு? நம் பொறுப்பே.

சிறுவனைப் பட்டறைக்கு அழைத்துச் செல்பவர் பெரும்பாலும் நம் உறவினரே. பத்தாம் வகுப்பு முடியுமுன் எவரையும் அழைத்துச் செல்வதில்லை என உறுதி கொள்வோம். நெருக்கடியுள்ள குடும்பத்துக்குச் சங்கம் கைகொடுக்கட்டும். வெள்ளி விழாவுக்கு இதனினும் சிறந்த நினைவுச்சின்னம் வேறில்லை.