பிணியும் இளிவரலும்



தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் இளிவரல் ஒன்று. பிறரால் தாழ்வாக எண்ணப்படுதலும், தன்னைத்தானே தாழ்வாக எண்ணுதலும் அதனுள் அடங்கும். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கும் அதன் நிலைக்களன்கள். நோவு தருவதாகிய பிணியை அழுகையின்கீழ் வைக்காமல் இளிவரலின்கீழ் வைத்தார் ஆசிரியர். அழுகைக்குரிய நான்கனுள் முதலாவதாக இளிவைச் சுட்டினார். பிணியால் இளிவு, இளிவால் அழுகை. நோயைவிட, நோயின் பெயரால் வரும் தாழ்வே கண்ணீரை வரவழைக்கும் என்று கொள்ள இங்கு இடமுண்டு.

எல்லாப் பிணியும் ஒரே அளவில் இளிவு தருவதில்லை. சர்க்கரை நோயுள்ளவர் திருமணப் பந்தியில் அதனை உரக்கச் சொல்லியே பாயசத்தை விலக்குகிறார். பக்கத்து இலைக்காரர் தமக்கும் உண்டு என்கிறார், உறவு கூடுகிறது. மனநோய்க்கு மாத்திரை உண்பவரோ, அடுக்களை விளக்கை அணைத்துவிட்டு உண்கிறார்.

இதில் மொழிக்கும் பங்குண்டு. சென்னையில் 1794இல் தோன்றிய மனநோய் மருத்துவ மரபு, 1871இல் கீழ்ப்பாக்கத்தில் நிலைகொண்டது. 1978இல் மருத்துவமனையின் பெயர் மாற்றப்பட்டது. ஆயினும் ஊர்ப்பெயர் வசைச்சொல்லாகவே வழங்குகிறது. அங்குக் குடியிருப்போர் என்ன பிழை செய்தார்களோ! இறைவனைப் பித்தன் என்று சுந்தரர் அழைத்தால் அது தேவாரம். சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனால் அது புனைபெயர். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அச்சொல் சூட்டப்பட்டால் அவள் தங்கையின் திருமணம் நின்றுபோகிறது. கவிஞர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒரு சிற்றூரில் தையல் கற்பிக்கும் பெண்மணி ஒருவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை மனநோய்க்காகப் பன்னிரண்டு ஆண்டுகளாக லித்தியம் மாத்திரை உண்டு நலமாக இருப்பவர். ஒருமுறை மேல்வயிற்று வலியோடு ஒரு மருத்துவரிடம் சென்றார். பழைய மருந்துச்சீட்டைக் கண்ட மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, உடன் வந்த அண்ணனிடம், “இவங்க ராத்திரி ஒழுங்காத் தூங்குறாங்களா?” என்று கேட்டார். வயிற்றைத் தொட்டும் பார்க்கவில்லை. நான்கு திங்கள் கழித்து வேறோரிடத்தில் பித்தப்பைக் கல் எனத் தெரியவந்தது. பித்தப்பைக் கல்லைப் பித்தாகவே கொண்டுவிட்டார் அவர்!

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நோயுற்றவன், மருத்துவன், மருந்து, பணிவிடை செய்வோன் என நான்கு கூறாக்குகிறது. முதற்கூறு நோயுற்றவனே. கேள்வியை அண்ணன் பக்கம் திருப்பியபோது அம்முதற்கூறு அறையை விட்டு வெளியேற்றப்பட்டது. மருத்துவர் எல்லாரும் இத்தகையவர் அல்லர். ஆனால் அஞ்சுவதற்கு ஒருவர் போதும்.

அதன்பின் அப்பெண்மணி மறைக்கத் தொடங்கினார். முழங்கால் வலிக்காக மற்றொரு மருத்துவமனைக்குச் சென்றபோது, “வேற மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களாம்மா?” என்று செவிலியர் கேட்டார். “இல்லீங்க சிஸ்டர்” என்பது விடை. டைக்ளோஃபெனாக் என்னும் வலிநீக்கி பத்து நாளுக்கு எழுதித் தரப்பட்டது.

லித்தியம் சிறுநீரகத்தின் வழியாகவே உடலை விட்டு நீங்குவது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலிநீக்கிகள் அவ்வெளியேற்றத்தைக் குறைக்கக் கூடியவை. மருந்தின் அளவு குருதியில் ஏறும். மருந்தாகிற அளவுக்கும் நஞ்சாகிற அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. எட்டாம் நாள் அவருக்குக் கை நடுங்கியது. ஊசியில் நூல் கோக்க இயலவில்லை. பிறகு வாந்தி, நடை தள்ளாடியது, நாக்குழறிற்று. வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். “பழையபடி ஆரம்பிச்சிருச்சு” என்றார் அண்ணி. இரண்டு நாள்கள் அவ்வாறே கழிந்தன. மூன்றாம் நாள் அவருடைய மனநல மருத்துவர் குருதியைச் சோதித்து, இரு மாத்திரைகளையும் நிறுத்தச் செய்து, படுக்கையில் சேர்த்து நரம்பின்வழி நீர்மம் ஏற்றச் செய்தார். ஒரு வாரம் சென்றபின் பேச்சுத் தெளிந்தது. இளிவரலுக்கு அஞ்சி உயிரைப் பணயம் வைத்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அச்சத்தின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் கூறுபவை அணங்கு, விலங்கு, கள்வர், இறை. எழுதுகோலும் அதிகாரமும் கொண்டு மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவரை இறையின்பாற் சேர்க்கலாம். அவ்வச்சம் உடனே தீர்வதன்று. 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய் உற்றாரோடு ஒப்ப நடத்தப்படும் உரிமையையும், நோய்ச்செய்தி மறைவாகக் காக்கப்படும் உரிமையையும் தந்துள்ளது. சட்டத்தைக் கையில் ஏந்திக்கொண்டு புறநோயாளர் வரிசையில் நிற்பவர் யார்? நிற்பவருக்கு வேறு துணைகள் தேவைப்படுகின்றன.

அப்பெண்மணி தேடிக்கொண்டது ஒரு தாள். முழங்கால் வலி மீண்டும் வந்தபோது, முதல்நாள் இரவு தம் கையாலேயே எழுதினார். எந்தக் கால், எத்தனை நாள், படியேறும்போதா இறங்கும்போதா என்பன முதலில். மாத்திரைகளின் பெயரும் அளவும் அடுத்து. நஞ்சேறிய செய்தி அதன்கீழ். “இந்த வலி மாத்திரை லித்தியத்தோடு சேருமா?” என்ற வினா கடைசியில். நோயின் பெயரை எழுதி, அடித்து, மீண்டும் எழுதினார். வாய் குழறினாலும் தாள் குழறாது என்பது அவர் கணக்கு. உடன் வந்த அண்ணியிடம், “என்னைக் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன் அண்ணி, நீங்க பக்கத்துல இருந்தாப் போதும்” என்று வழியிலேயே சொல்லிவிட்டார். அண்ணிக்கு அது சிறிது வருத்தமே.

மருத்துவர் இளையவர். தாளை இறுதிவரை படித்தார். அந்த நேரம் நீண்டதாகவே இருந்திருக்கும். அப்பெண்மணி தம் கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். மருத்துவர் அண்ணியை ஒருமுறை பார்த்தார். அண்ணி சாளரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“லித்தியம் கடைசியா எப்பம்மா ரத்தத்துல பார்த்தீங்க?”

“போன மாசம்.”

“சரி. அதோட சேராத மாத்திரை வேண்டாம்.” சீட்டின் மேற்புறம் சிவப்பு மையால் ஏதோ எழுதினார். பிறகு நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டு, “காலை நீட்டுங்க. எங்க வலிக்குது?” என்றார்.

அவர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.