மின்சாரக் காரும் எலுமிச்சம் பழமும்



மின்சாரக் காரைப்பற்றி இன்று போடியில் பேச வேண்டுமென்று நம்மைக் கேட்டுக் கொண்டீர்கள். நாம் இஞ்சினீயரிங் காலேஜின் வாசற்படியை மிதித்தவரல்ல. கையிலகப்பட்ட புத்தகங்களைப் படித்தும், ஒர்க்ஷாப்புத் தோழர்களைக் கேள்வி கேட்டும் தெரிந்து கொண்டதைத்தான் சொல்லப் போகிறோம். தவறென்று பட்டால் கூட்டம் முடிந்ததும் எழுந்து கேளுங்கள்.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையை உங்களுக்கு நாம் வர்ணிக்க வேண்டியதில்லை. விடியுமுன் ஜீப்பிலேறி ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்களுக்கு அதன் ஒவ்வொரு வளைவும் தெரியும். அதே பாதையில் மூணாறு பார்க்கப் போகிறவர்களின் மின்சாரக் கார்களும் இப்போது ஏறி இறங்குகின்றன. இன்று பணக்காரன் வண்டியாயிருப்பது நாளைக்குக் கூலிக்காரன் வண்டியுமாகும். அப்போது அதை ஓட்டப் போகிறவனும், பழுது பார்க்கப் போகிறவனும் நம்மவன்தானே?

அப்படிப்பட்ட வண்டி ஒன்று மலைமேல் நின்றுவிட்டதாக வைத்துக் கொள்ளுங்கள். பெரிய பாட்டரியில் முக்கால் பங்கு மின்சாரம் இருக்கிறது. ஆனால் கதவு திறக்கவில்லை, விளக்கு எரியவில்லை, வண்டி அசையவில்லை. உடனே ஒருவர், “புறப்பட்ட நேரம் சரியில்லை” என்பார். மற்றொருவர், “சக்கரத்துக்கு எலுமிச்சம் பழம் வைத்தீர்களா?” என்பார். தோழர்களே! ஒரு எலுமிச்சம் பழத்தில் செம்புக் கம்பியையும் துத்தநாக ஆணியையும் செருகினால் ஒரு வோல்டுக்குச் சற்றுக் குறைவாக மின்சாரம் கிடைக்கும். சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்கினால் அதுவும் கிடைக்காது!

பின் நின்ற காரணம் என்ன? அந்தக் காரில் பாட்டரி ஒன்றல்ல, இரண்டு. சக்கரத்தைச் சுழற்றும் பெரிய பாட்டரி சாதாரணமாய் 300 முதல் 400 வோல்ட் வரை உள்ளது. சில வண்டிகளில் அதற்கு மேலுமுண்டு. மற்றொன்று 12 வோல்ட் உள்ள சின்ன பாட்டரி. விளக்கு, ஹாரன், வைப்பர், கதவுப் பூட்டு, காரின் கம்ப்யூட்டர்கள் ஆகிய எல்லாம் இந்தச் சின்ன பாட்டரியின் கணக்கில்தான் நடக்கின்றன.

ஒரே பாட்டரி போதாதா என்று கேட்கலாம். வோல்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது வாட். மலையேற 35,000 வாட் வேண்டுமென்றால், 350 வோல்டில் 100 ஆம்பியர் ஓடினால் போதும். அதையே 14 வோல்டில் செய்வதானால் 2,500 ஆம்பியர் ஓட வேண்டும். அதற்குக் கம்பி உலக்கை கனத்தில் வேண்டியிருக்கும். ஆகவே சக்கரத்துக்கு உயர்ந்த வோல்ட். ஆனால் அந்த 350 வோல்ட் மனிதன் உயிரை வாங்கக் கூடியது. கை படுகிற விளக்குக்கும் கதவுக்கும் அதை விடலாமா? பெரியாற்றுத் தண்ணீர் லோயர் காம்ப் மின்நிலையத்துக்குக் குழாயில் இறங்கும் வேகத்தில், அதை யாராவது குடத்தில் பிடிப்பார்களா?

இனி, சின்ன பாட்டரிக்கு எங்கிருந்து சார்ஜ் ஏறுகிறது? பெட்ரோல் காரில் எஞ்சின் பெல்ட்டால் சுற்றும் டைனமோ ஏற்றுகிறது. மின்சாரக் காரில் எஞ்சினே இல்லை. அதனால் பெரிய பாட்டரியிலிருந்தே எடுத்து, வோல்டைக் குறைத்துக் கொடுக்க ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். அதற்கு டி.சி. – டி.சி. கன்வெர்ட்டர் என்று பெயர். தெருமுனை டிரான்ஸ்பார்மரும் வோல்டைக் குறைப்பதுதான். ஆனால் பாட்டரியிலிருந்து ஒரே திசையாய் வரும் மின்சாரத்தில் அது வேலை செய்யாது. ஆகையால் இந்தக் கருவி அந்த மின்சாரத்தை ஒரு வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடுகிறது. வெட்டுப்பட்ட மின்சாரம் ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் வழியாய்க் குறைந்து, மறுபடி ஒரே திசையாக்கப்பட்டு, சுமார் 14 வோல்டாய் வெளிவருகிறது. டிரான்ஸ்பார்மரின் இரண்டு சுருளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆதலால் உயர்ந்த வோல்ட் இந்தப் பக்கம் தாண்டி வராது.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருவோம். வண்டி நிற்கும்போது பெரிய பாட்டரி மற்றக் கருவிகளிலிருந்து துண்டிக்கப்பட்டிருக்கும். தோட்டத்து பம்புசெட் ஸ்டார்ட்டரில் பொத்தானை அழுத்தினால் ‘டக்’ என்று பிடிக்கிறதே, அது போன்ற காந்தச் சுவிட்சுதான் அதை இணைக்கிறது. அந்தச் சுவிட்சை இழுப்பதற்குச் சின்ன பாட்டரியின் 12 வோல்ட் வேண்டும். அது செத்தால் பெரிய பாட்டரி நிறைந்திருந்தும் பயனில்லை. ஜமீன் கஜானாவில் பணம் கொட்டிக் கிடந்தாலும், சாவி வைத்திருக்கும் காவலாள் பட்டினியால் மயங்கி விழுந்தால் கஜானா திறக்குமா? கீழே இருந்து சுமப்பவனைப் பட்டினி போட்டால் மேலே உள்ள பெருமையும் நிற்காது என்பது சமுதாயத்துக்கு மட்டுமல்ல, மோட்டாருக்கும் பொருந்தும்.

இது கற்பனையல்ல. சென்னைக்கடுத்த தொழிற்சாலையில் பூட்டி விற்கப்பட்ட ஹூண்டாய் ஐயானிக் 5 கார்களில் 1,744-ஐ 2024 ஜூனில் அக்கம்பெனி திரும்ப அழைத்தது. ஐ.சி.சி.யு. என்ற சார்ஜ் கருவி கெட்டால் 12 வோல்ட் பாட்டரி இறங்கிப் போகக் கூடும் என்பதே காரணம். அடுத்த மாதமே கியா கம்பெனி 1,138 ஈ.வி. 6 கார்களை அதே காரணத்துக்காக அழைத்தது. அதற்கு முன் மார்ச்சில் அமெரிக்காவில் 1,47,000-க்கு மேற்பட்ட வண்டிகள் அழைக்கப்பட்டன. பரிகாரம் என்ன செய்தார்கள்? பூசணிக்காய் உடைத்தார்களா? இல்லை. சாப்ட்வேரைத் திருத்தினார்கள், கருவியைச் சோதித்துக் கெட்டிருந்தால் மாற்றினார்கள். தவறைக் கண்டுபிடித்து வெளியில் சொல்லித் திருத்துவதற்குத்தான் விஞ்ஞானம் என்று பெயர்.

அன்றியும், மலையிறங்கும்போது சக்கரமே மின்சாரம் உற்பத்தி செய்கிறதே என்று தைரியம் கொள்ளக் கூடாது. அது பெரிய பாட்டரிக்குத்தான் போகிறது. கன்வெர்ட்டர் கெட்டால் சின்ன பாட்டரிக்கு அதில் ஒரு சொட்டும் வராது. மழையும் மூடுபனியுமான இரவில் விளக்கும், வைப்பரும், ஸ்டீரிங்கை இலேசாக்கும் மோட்டாரும் எல்லாம் அந்தச் சின்ன பாட்டரியையே தின்று கொண்டிருக்கும். ஆகவே 12 வோல்ட் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், பெரிய பாட்டரியில் எவ்வளவு காட்டினாலும், அகலமான இடம் பார்த்து வண்டியை நிறுத்துங்கள்.

சின்ன பாட்டரியைச் சோதிக்க ஒரு சிறு மல்டிமீட்டர் போதும். சாதாரண ஈய பாட்டரியாயின், ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் வயிறு நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறையக் காலி. வண்டி விழித்திருக்கும்போது 14 வோல்டை ஒட்டிக் காட்டினால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. கதவு திறக்காவிட்டால், பல வண்டிகளில் சாவிக் கட்டைக்குள் ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கும்; அதை இன்றே தேடி வையுங்கள். ஆரஞ்சு நிறக் கம்பியை மட்டும் பயிற்சியில்லாதவர் தொடவே கூடாது. அது 350 வோல்ட் பாதை.

தோழர்களே! “இதெல்லாம் உனக்குப் புரியாது, மூடியைத் திறக்காதே” என்று சொல்லியே நம்மை எத்தனையோ காலம் எத்தனையோ வாசலுக்கு வெளியில் நிறுத்தினார்கள். இந்த வாசலிலும் நிற்க வேண்டாம். வண்டி விற்பவனிடம், சின்ன பாட்டரி எங்கே இருக்கிறது, எத்தனை வருஷம் வரும், மாற்ற என்ன செலவு என்று தைரியமாய்க் கேளுங்கள். நம் ஒர்க்ஷாப்புப் பிள்ளைகளை இந்த வேலைக்கு முறையான பயிற்சிக்கு அனுப்புங்கள். எலுமிச்சம் பழத்தை வீட்டுக்குக் கொண்டு போய் ஊறுகாய் போடுங்கள்.