வாக்குக்கு வீடு தெரிந்தது, ஊசிக்குத் தெரியவில்லையா?

(இராயபுரம் கழகப் படிப்பகத்தில் கூடிய தோழர்களிடையே ஆற்றிய உரை)



கொரோனா என்னும் கொடுநோயைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். நோய் வந்தது, வாட்டியது, ஓய்ந்தது. ஓய்ந்துபோன கதையை இப்போது ஏன் கிளறவேண்டும் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நோய் ஓய்ந்தது உண்மை. ஆனால், அந்த நோய்க்கு மருந்து வந்தபோது அதைப் பெற ஏழை எளியவர் பட்ட பாடு இருக்கிறதே, அந்தப் பாட்டுக்குக் காரணமான எண்ணம் இன்னும் ஓயவில்லை. நாளை வேறொரு நோய் வரும்; அந்த எண்ணமும் கூடவே வரும். அதனால்தான் பேசுகிறேன்.

1949ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், கொட்டும் மழையில், இதே இராயபுரத்து இராபின்சன் பூங்காவில் கூடியவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ஆட்சி என்பது யாருக்காக? அந்தக் கேள்வியையே தடுப்பூசியை வைத்து இன்று கேட்டுப் பார்ப்போம்.

இரண்டு நாட்களை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். ஒன்று, 2021 ஏப்ரல் 6. தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் நாள். தொற்று பரவிக்கொண்டிருந்த வேளை. ஒரு சாவடியில் ஆயிரம் பேருக்கு மேல் சேரக்கூடாது என்று வகுத்து, சாவடிகளின் எண்ணிக்கையை 88,000க்கும் மேலாக உயர்த்தினார்கள். காலை 7 மணிக்குத் தொடங்கி, இரவு 7 மணிக்குள், 4 கோடியே 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாக்களித்தார்கள். ஒரே நாளில்! அவர்களில் எவரிடமாவது, "உன் கைப்பேசி எங்கே? எத்தனை மணிக்கு வருவாய் என்று முன்பதிவு செய்தாயா?" என்று கேட்டதுண்டா? இல்லை. பெயர் பட்டியலில் இருந்தது. சீட்டு வீடு தேடி வந்தது. சாவடி தெருமுனையில் இருந்தது. தொண்ணூறு வயதுப் பாட்டியையும் நாற்காலியில் தூக்கி வந்து வாக்களிக்க வைத்தோமே, தூக்கியவர்கள் நீங்கள்தானே!

மற்றொன்று, 2021 ஏப்ரல் 28. இடையில் இருபத்திரண்டே நாட்கள். அன்று மாலை 4 மணிக்கு, 18 முதல் 44 வயது வரை உள்ளோர் தடுப்பூசிக்குப் பெயர் பதியலாம் என்று டில்லி சர்க்கார் அறிவித்தது. எங்கே பதிவது? தெருமுனையிலா? மாநகராட்சி மருத்துவமனையிலா? இல்லை. கோவின் என்னும் இணையதளத்தில்! நேரில் சென்றால் ஊசி கிடையாது. இணையத்தில் பதிந்தவருக்கே ஊசி என்பது சட்டம். மணி நான்கு அடித்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் கதவைத் தட்டினார்கள். தளம் திணறியது. பதிந்தவருக்கோ ஊசி இல்லை. பதிந்தோம் என்ற மனநிறைவுதான் மிச்சம்!

எப்படி இருந்தது அந்த வித்தை? கைப்பேசி எண்ணைக் கொடு. ஓ.டி.பி. வரும், அதைத் தட்டு. அடையாளச் சீட்டின் எண்ணைக் கொடு. பிறகு உன் பகுதியின் அஞ்சல் எண்ணைக் கொடு. இராயபுரத்தான் 600013 என்று தட்டுவான்; இடமில்லை என்று வரும். வண்ணாரப்பேட்டைக்கு 600021 தட்டுவான், இடமில்லை. திருவொற்றியூருக்கு 600019, அங்கும் இல்லை. திடீரென்று எங்கோ பத்து இடம் திறக்கும். விரல் தொடுவதற்குள் மூடும். இடம் திறந்த செய்தியை நொடியில் அறிவிக்கக் கணிப்பொறி கற்றவர்கள் கருவி செய்துகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. உயிர் யாருக்கும் வெல்லம்தான். ஆனால் அந்தக் கருவி இல்லாதவன் என்ன செய்வான்? பெருநகரத்தார் சிலர் தங்கள் ஊரில் இடம் கிடைக்காமல், கார் ஏறிச் சிற்றூர் மருத்துவ நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொண்ட செய்தியும் வந்தது. சிற்றூர்க்காரன் தன் ஊர் ஊசியை இன்னொருவர் கையில் ஏறக் கண்டு நின்றான்.

காசிமேட்டை எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும். தொழிலாளி கரையில் இருப்பான். தடை நீங்கினால் கடலுக்குப் போய்விடுவான். நாள் கணக்கில் திரும்பமாட்டான். ஊசி போட அதைவிட வாய்ப்பான காலம் உண்டா? படகுத்துறையில் ஒரு மேசை, ஒரு செவிலியர், ஒரு குளிர்பெட்டி போதுமே! ஆனால் விதி என்ன சொன்னது? "நீ கரையில் இருக்கிறாயா, கடலில் இருக்கிறாயா என்பது எனக்குத் தெரியவேண்டியதில்லை, இணையத்தில் இருக்கிறாயா?" என்றது. துறைமுகத்தில் சுமை தூக்குபவனையும், எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரியோடு காத்துக் கிடக்கும் ஓட்டுநனையும், கூடை சுமந்து மீன் விற்கும் தாயையும் பார்த்து அது கேட்ட கேள்வியும் அதுவே. மே 10 முதல் முழு ஊரடங்கு வேறு. எங்கோ தொலைவில் இடம் கிடைத்தாலும் ஏறிச் செல்லப் பேருந்து இல்லை.

2017-18ஆம் ஆண்டில் மைய அரசே எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு என்ன சொல்லிற்று? நகரங்களில் நூற்றுக்கு 42 வீடுகளில்தான் இணைய வசதி. சிற்றூர்களில் 15 வீடுகளில்தான். இந்தக் கணக்கு டில்லியின் மேசைமீதுதான் இருந்தது. கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே கதவை அடைத்தார்கள்.

மொழியின் கதையையும் கேளுங்கள். அந்தத் தளம் முதலில் நம் மொழியைப் பேசவில்லை. 2021 ஜூன் தொடக்கத்தில் மாநில மொழிகள் பலவற்றைச் சேர்த்தார்கள். மலையாளம் வந்தது, தெலுங்கு வந்தது, கன்னடம் வந்தது. தமிழ் மட்டும் வரவில்லை! கண்டனம் எழுந்த பிறகு, கழக அரசு எடுத்துரைத்த பிறகு, தமிழ் சேர்க்கப்பட்டது. மொழிச் சிக்கல் மேடைப் பேச்சுக்கு மட்டும் உரியது என்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும். ஊசி மருந்தின் வாசலிலும் மொழி நின்றது.

சரி, பற்றாக்குறைதானே காரணம், தளத்தைக் குறை சொல்லிப் பயன் என்ன என்று ஒரு நண்பர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 18 முதல் 44 வயது வரை உள்ளோர் 59 கோடிப் பேர். அவர்களுக்கு வேண்டிய ஊசி 122 கோடி என்று டில்லி சர்க்கார்தான் உச்ச நீதிமன்றத்தில் கணக்குக் கொடுத்தது. 2021 மே மாதத்தில் நாடு முழுவதற்கும், எல்லா வயதினருக்கும் கையில் இருந்ததோ ஏறத்தாழ 8 கோடி. அந்த வேகத்தில் இவர்களுக்கு மட்டுமே போட்டாலும் பதினைந்து மாதம் ஆகும்! தமிழ்நாட்டில் அந்த வயதினருக்கான பணி மே 20ஆம் நாள் திருப்பூரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. கழக அரசு மூன்றரைக் கோடி ஊசிக்கு உலக ஒப்பந்தப்புள்ளி கோரியது, ஒருவரும் முன்வரவில்லை. ஆகவே பற்றாக்குறை உண்மை, மறுக்கவில்லை.

ஆனால் தோழர்களே, பஞ்ச காலத்தில்தான் பங்கீடு முறையாக இருக்கவேண்டும்! பானை நிறையச் சோறு இருக்கும்போது யார் முதலில் உண்டால் என்ன? ஒரு படிச் சோறு இருக்கும்போது, பசித்தவன் யார், நோயாளி யார் என்று பார்த்துப் போடவேண்டாமா? விரைவாக ஓடி வந்தவனுக்கே சோறு என்றால், நடக்க முடியாதவன் சாகவேண்டும் என்று பொருள்.

அதுமட்டுமா? காசு உள்ளவனுக்குத் தனிவாசல்! உற்பத்தியில் பாதி மைய அரசுக்கு, கால்பங்கு மாநிலங்களுக்கு, கால்பங்கு தனியார் மருத்துவமனைகளுக்கு என்று பிரித்தார்கள். ஒரே மருந்து, மைய அரசுக்கு 150 ரூபாய். மாநிலத்துக்குக் கோவிஷீல்டு 300, கோவாக்சின் 400. தனியாருக்கு 600, 1,200. ஜூனில் உச்சவரம்பு வைத்தபோதுகூட, தனியார் மருத்துவமனையில் கோவிஷீல்டு ஊசி ஒன்றுக்கு 780 ரூபாய், கோவாக்சினுக்கு 1,410 ரூபாய். கணவன், மனைவி இருவர். ஆளுக்கு இரண்டு ஊசி. ஊரடங்கில் கூலி இழந்தவன் கணக்குப் போட்டுப் பார்த்தான், பெருமூச்சு விட்டான்.

வேறு வழி இல்லையா? இருந்தது, இந்த நாட்டிலேயே இருந்தது. பெரியம்மையை எப்படி ஒழித்தோம்? அம்மை குத்துகிறவர் ஊர் ஊராக, வீடு வீடாக நடந்தார். நோய் கண்டவர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்படி யாருக்காவது வந்திருக்கிறதா?" என்று சந்தையில் கேட்டார். சொன்னவருக்குப் பரிசு கொடுத்தார். 1975க்குப் பிறகு இந்த மண்ணில் பெரியம்மை இல்லை. 1977இல் உலகம் சான்று வழங்கியது. போலியோவை எப்படி ஒழித்தோம்? பேருந்து நிலையம், இரயிலடி, பள்ளிக்கூடம், சுங்கச்சாவடி எங்கும் மேசை போட்டோம். தமிழ்நாட்டில் 43,000 மையங்களில் ஒரே நாளில் 70 இலட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தோம். அந்த மருந்துக்கும் குளிர்பெட்டி தேவைதான். எந்தத் தாயாவது கைக்குழந்தைக்கு முன்பதிவு செய்தாளா? 2014இல் போலியோ இல்லாத நாடு என்ற சான்றும் பெற்றோம்.

2020ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், சென்னையிலேயே தொற்று மிகுந்த மண்டலம் என்று நாள்தோறும் இராயபுரத்தின் பெயரைத்தான் செய்தியில் படித்தார்கள். அப்போது என்ன நடந்தது? ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் வந்தது. காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்று கேட்டது. நோய் கண்ட வீட்டு வாசலில் தகரம் அடித்தார்களே, மறந்துவிட்டீர்களா? தகரம் அடிக்க வீடு தெரிந்தது. ஊசி போட மட்டும் வீடு தெரியாமல் போனது ஏன்?

வெளிநாட்டிலும் இரண்டு வழியையும் பார்த்தோம். அமெரிக்காவில், புளோரிடா மாநிலத்தின் லீ மாவட்டத்தில், முந்தி வந்தவருக்கே ஊசி என்றார்கள். 2020 டிசம்பர் இறுதியில் முதியவர்கள் போர்வையும் நாற்காலியுமாக இரவெல்லாம் தெருவில் கிடந்தார்கள். செல்வம் கொழிக்கும் நாட்டில்! இங்கிலாந்தில் பொது மருத்துவத் துறையிடம் ஒவ்வொருவர் பெயரும் இருந்தது. வயது வரிசைப்படி, "உன் முறை வந்தது, வா" என்று அரசே அழைத்தது. முறை தெரிந்து அழைப்பது அரசின் கடமையாக இருந்ததால், அங்கே முதியவர் தெருவில் படுக்க வேண்டியிருக்கவில்லை.

நம் நாட்டிலும் இறுதியில் நியாயம் அசைந்தது. மே 24இல் நேரில் வருவோருக்கும் இடமளிக்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். மே 31இல் உச்ச நீதிமன்றம், 18 முதல் 44 வயதினருக்கான அந்தக் கொள்கை தன்னிச்சையானது, பகுத்தறிவுக்கு ஒவ்வாதது எனக் கருதத்தக்கது என்று கூறி, இணையம் இல்லாதவன் கதி என்ன என்றும் கேட்டது. ஜூன் 7இல் பிரதமர் கொள்கையை மாற்றினார். ஜூன் 21 முதல் மைய அரசே வாங்கி, எல்லாருக்கும் இலவசமாக வழங்கும் என்றார். அன்று ஒரே நாளில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போடப்பட்டது. செப்டம்பர் 12இல் தமிழ்நாட்டில் 40,000 முகாம்கள் அமைத்து, 20 இலட்சம் பேர் என்று இலக்கு வைத்தார்கள். 28 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பார்த்தீர்களா? மக்கள் ஊசிக்கு அஞ்சி ஒளிந்தார்கள் என்பது முழு உண்மை அன்று. வாசலுக்கு வந்தபோது கையை நீட்டினார்கள்.

இனி, நம்மவருக்கு ஒரு சொல். இணையத்தின் கொடுமையைச் சொன்னேன். அதற்கு மாற்று என்ன? "அண்ணே, ஒரு டோக்கன் வாங்கிக் கொடுங்கள்" என்று வட்டச் செயலாளர் வீட்டு வாசலில் மக்கள் நிற்பதா? ஆகாது! கைப்பேசி உள்ளவனுக்கு ஊசி என்பது அநீதி என்றால், கட்சிக்காரனைத் தெரிந்தவனுக்கு ஊசி என்பதும் அநீதியே. சிபாரிசுச் சீட்டு வாங்கியவன் நம்மை வாழ்த்துவான். வாங்காமல் திரும்பியவன் நம்மையும் டில்லியையும் ஒன்றாகவே எண்ணுவான். அவன் எண்ணுவதில் தவறும் இராது.

நமக்குத் தெரிந்த வேலை ஒன்று உண்டு, பட்டியல் எடுப்பது! எந்தத் தெருவில் எத்தனை வாக்கு, எந்த வீட்டில் யார் ஊரில் இல்லை, யாருக்கு நடக்க இயலாது என்று தேர்தலுக்குத் தேர்தல் விரல்நுனியில் வைத்திருக்கிறோம். அந்தக் கல்வியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்துவானேன்? இந்தப் படிப்பகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். தனியாக வாழும் முதியவர் யார், படுக்கையில் கிடப்பவர் யார், கைப்பேசி இல்லாதவர் யார், கடலுக்குப் போனவர் எப்போது திரும்புவார் என்று தெருவாரியாகக் குறியுங்கள். எந்தக் கட்சிக்கு வாக்களிப்பவர் என்ற கட்டம் அதில் வேண்டாம். இடர் வரும் நாளில் அந்தப் பட்டியலை மாநகராட்சிச் செவிலியரிடம் கொடுங்கள். வழிகாட்டி முன்னே நடங்கள். யாருக்கு முதலில் என்பதைத் தேவை முடிவு செய்யட்டும்.

வாக்குக் கேட்க வீடு தேடிப் போகும் ஆட்சி, உயிர் காக்கவும் வீடு தேடி வரவேண்டும். எந்த ஆட்சியானாலும், நம்முடையதே ஆனாலும், இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்கும் துணிவும் வேண்டும்.

அந்தத் துணிவோடு பணி தொடங்குவீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.