மௌனத்துக்கும் ஒரு குறி

ஆசிரியன் ஒருவன் ஓய்வு பெற்ற பின்னர்த் தன் பாடத்தைத் தானே கேட்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இன்று சொல்ல விரும்புகிறேன்.

என்னிடம் முன்னர்ப் பயின்ற மாணவி ஒருத்தி இப்போது கல்வியியலில் பண்புசார் ஆய்வு செய்கிறாள். எண்களைக் கூட்டிக் கழிப்பதோடு நில்லாமல், மாந்தர் சொல்வதையும் செய்வதையும் ஊன்றி நோக்கிப் பொருள் காண்பது அவ்வாய்வு. நான் பணியிலிருந்த இறுதி ஆண்டில் நடத்திய கணக்குப் பாடம் ஒன்று காணொளியாகப் பதிவாகியிருந்தது. அதனை அவள் கேட்டாள். காணொளியில் பெயரை மறைக்கலாம், முகத்தை மறைப்பது அரிது. ஆகவே பெற்றோர் இசைவைப் பெற்ற பின்னரே அதனைத் தொட்டாள். “எழுத்துப்படியை நானே ஆக்கித் தருகிறேன், அம்மா” என்று முன்வந்தேன்.

படத்தைப் பாராமல் ஒலியை மட்டும் கேட்டு எழுதினேன். 40 நிமிடப் பாடத்துக்கு இரண்டு பகல் பிடித்தன. வினாக்கள் நிறைய இருந்தன. விளக்கம் தெளிவாக இருந்தது. ஆங்காங்கே, “மாணவர்: விடையில்லை” என்ற குறிப்பும் இருந்தது. நல்ல பாடந்தான் என்று உள்ளூர மகிழ்ந்தேன்.

அவளோ எழுத்துப்படியையும் காணொளியையும் என்விவோ என்னும் மென்பொருளில் ஒருங்கே ஏற்றினாள். இதன் முன்னோடியை ஆஸ்திரேலியாவின் லா டிரோப் பல்கலைக்கழகத்தில் 1981இல் டாம் ரிச்சர்ட்ஸ், லின் ரிச்சர்ட்ஸ் தம்பதியர் உருவாக்கத் தொடங்கினர். எழுத்தை ஆராயவே பிறந்த கருவி அது. ஒலியின்மீதும் காணொளியின்மீதும் நேராகக் குறியிடும் வசதி, 2008இல் வெளிவந்த எட்டாம் பதிப்பில் வந்தது.

திரையில் ஒலியலை ஒரு கோடாக ஓடுகிறது. பேச்சுள்ள இடத்தில் மேடும் பள்ளமும். பேச்சற்ற இடத்தில் ஏறத்தாழ நேர்கோடு. வேண்டிய பகுதியைத் தேர்ந்து அதற்கு ஒரு பெயர் சூட்டுவதையே குறியிடுதல் என்பர். எழுத்துப்படியின் பகுதிதோறும் நேரம் பதிந்திருப்பதால், ஐயம் எழும் வரிக்குரிய கணத்துக்கே சென்று கேட்கலாம்.

அவள் “காத்திருப்பு” என்று ஒரு குறி வைத்தாள். நான் வினா விடுத்த இடந்தொட்டு மறுபடி வாய் திறந்த இடம்வரை ஒவ்வொன்றையும் அதன்கீழ்ச் சேர்த்தாள். பிறகு அத்துணுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டாள். என் வினா, சிறு நேர்கோடு, மீண்டும் என் குரல். பெரும்பாலான இடங்களில் அந்த நேர்கோடு ஒரு நொடிகூட நீளவில்லை. ஓரிடத்தில் மூன்றாம் வரிசைச் சிறுவன் எழுகிறான், உதடு பிரிகிறது, அதற்குள் நானே விடையைச் சொல்லிவிடுகிறேன். என் படியில் அவ்விடத்தில் “விடையில்லை” என்றிருந்தது.

இதனை ஆராய்ந்தவர் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ. வகுப்பறை ஒலிநாடாக்களைக் கேட்டு, வினாவுக்குப் பின் ஆசிரியர் ஒரு நொடியளவே காத்திருப்பதையும், அதனை மூன்று நொடியாக்கினால் மாணவர் விடை நீள்வதையும் அவர் 1970களில் எடுத்துக்காட்டினார். பயிற்சிக் கல்லூரியில் இதனைத் தேர்வுக்காகப் படித்தவன் நான்; இளைய ஆசிரியர்களுக்கு எடுத்துச் சொன்னவனுங்கூட!

மென்பொருள் இதனைத் தானே கண்டுபிடித்து விடவில்லை. எங்கே செவி சாய்க்க வேண்டும் என்று அறிந்து குறி வைத்தவள் அந்தப் பெண்தான். இப்போது பேச்சைத் தாமே எழுத்தாக்கும் பொறிகளும் வந்துள்ளன. அவை என் இரண்டு பகல் உழைப்பைச் சில நிமிடங்களில் முடித்திருக்கும். ஆயினும் சொல்லிய சொல்லைத்தான் எழுதும். சொல்ல எழுந்து நின்ற சிறுவனை எழுதா. நானும் எழுதவில்லையே!

அவ்வரியை அடித்துவிட்டு, “மாணவன் எழுந்து வாய் திறக்கிறான், ஆசிரியர் முந்திக்கொள்கிறார்” என்று திருத்தினேன். பக்கத்தில் நேரத்தையும் குறித்தேன்: 17ஆம் நிமிடம், 42ஆம் நொடி.