வாய் கோணினால் உடனே மணியைப் பாருங்கள்!

(திருமயம் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



பக்கவாதம் வந்த வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இதுதான்: "ராத்திரியே கை இழுத்துக்கிச்சு, விடியட்டும்னு இருந்துட்டோம்." அந்த ராத்திரியில் என்ன நடக்கிறது தெரியுமா?

மூளைக்கு ரத்தம், வயலுக்குத் தண்ணீர் மாதிரி. ரத்தக் குழாய் அடைத்தால் மடையை அடைத்தது போலத்தான். நடுவில் உள்ள பயிர் சில நிமிடத்தில் கருகும். சுற்றியுள்ளது வாடி நிற்கும். சீக்கிரம் தண்ணீர் வந்தால் அது பிழைக்கும். பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் மூளை செல்கள் அழிவதாக 2006-இல் கணக்கிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு 11 கோடிக்கு மேல்! பயிரை மறுபடி நடலாம், செத்த மூளை செல்லை நட முடியாது.

அடைப்பைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. வாதம் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். முந்தினால் பலன் கூடுதல். சிலருக்குக் குழாய் வெடித்தும் வாதம் வரும், அவர்களுக்கு இந்த ஊசி ஆபத்து. எது என்று ஸ்கேன்தான் சொல்லும். அதனால் நாமாக எந்த மாத்திரையும் கொடுக்கக் கூடாது.

அடையாளம் மூன்று. சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணும். இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே விழும். பேச்சு குழறும். ஒன்று இருந்தாலும் போதும், 108-ஐக் கூப்பிடுங்கள். "வாதம் மாதிரி தெரியுது, ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று சொல்லுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நல்லா இருந்தார் என்பதைக் குறித்து டாக்டரிடம் சொல்லுங்கள். தானாகச் சரியாப் போனாலும், நேரம் கடந்து போனாலும் போகத்தான் வேண்டும்.

எண்ணெய் தேய்ப்பது, சோடா, காபி கொடுப்பது வேண்டாம். விழுங்க முடியாமல் புரையேறிவிடும்.

"வீட்டுக்காரர் வரட்டும், பணம் புரளட்டும்" என்று காத்திருப்பதில்தான் நம் பெண்களுக்கு நேரம் போகிறது. 108 வண்டி 2008-இலிருந்து நம் மாநிலத்தில் இலவசமாக ஓடுகிறது. பணத்தைப் பிறகு பார்க்கலாம், அவசரக் கடனுக்குத்தான் குழு இருக்கிறதே!

பிரஷர், சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரையை விடாதீர்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே தருகிறார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த மூன்று அடையாளத்தையும் எல்லோரும் செய்து பார்ப்போம். அதைத் தீர்மான நோட்டிலும் எழுதுவோம்.