பியானோவும் நம் வீட்டுப் பிள்ளைகளும்



ஜாஸ் சங்கீதத்தைப் பற்றித் தமிழ் மேடையில் பேச என்ன அவசியம் என்று முன்வரிசைப் பெரியவர்கள் நினைக்கக்கூடும்; அந்தச் சங்கீதத்தின் முதல்தரப் பியானோ வித்வான்களுள் ஒருவராக இன்று உலகம் மதிக்கும் விஜய் ஐயர், அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் ஆல்பனி நகரில் பிறந்த பிள்ளை என்று சொன்னால், அந்த ஐயம் பாதியேனும் நீங்கும்.

மூன்று வயதில் வயலினை எடுத்துப் பதினைந்து வருஷ காலம் முறைப்படி அப்பியாசம் செய்த அவர், பியானோவை மட்டும் காதால் கேட்டதை விரலால் தேடித் தேடியே பெரும்பாலும் கற்றுக்கொண்டார். யேல் சர்வகலாசாலையில் கணிதமும் பௌதிகமும் படித்து, பெர்க்லியில் பௌதிக ஆராய்ச்சிக்கென்று புகுந்தவர், அதை நடுவழியில் விட்டு, சங்கீதத்தை மனமும் உடலும் எவ்விதம் கிரகிக்கின்றன என்பதையே ஆராய்ந்து 1998இல் டாக்டர் பட்டம் பெற்றார். நம் வீட்டுப் பிள்ளை இப்படிச் சொல்லிக்கொண்டு வந்து நின்றால் அன்றிரவு அடுப்பு எரியுமா என்பதை உங்கள் யோசனைக்கே விடுகிறேன்.

தெலோனியஸ் மாங்க், ட்யூக் எலிங்டன் முதலிய கறுப்பின ஜாஸ் மேதைகளின் மார்க்கத்தைப் பக்தியோடு பின்பற்றியவரானாலும், ஐந்தும் ஏழுமாகப் பிரிந்து கூடுகிற நம் தாளக் கணக்கின் வாசனை அவர் வாசிப்பில் தொனிக்கிறது. வீணையையும் டிரம்மையும் ஒரே மேடையில் நிறுத்திவிட்டு ஃபியூஷன் என்று நாமகரணம் செய்யும் வழக்கம் எனக்கு உவப்பானதன்று. ஆனால் 2011இல் கிதார் பிரசன்னாவோடும் தபலா நிதின் மித்தாவோடும் அவர் வெளியிட்ட ‘தீர்த்தா’ இசைத்தட்டில், ஒருவர் வாசிப்பதை மற்றவர் உண்மையிலேயே கேட்டு விடை சொல்கிறார். ஐரோப்பாவும் அவரை விரும்பி வரவேற்றது. 2009இல் பெருங்கீர்த்தி தந்த ‘ஹிஸ்டாரிசிட்டி’ இசைத்தட்டு ஒரு ஜெர்மானிய நிறுவனத்தின் வெளியீடே. அமெரிக்காவிலோ 2013இல் மெக்ஆர்தர் விருதும், மறு வருஷம் ஹார்வர்டில் பேராசிரியர் பதவியும் வந்தன.

நம் மலேசியாவிலும் இவ்வழியில் சென்ற, ‘ஏஷியாபீட்’ குழுவை நடத்திய டிரம் கலைஞர் லூயிஸ் பிரகாசம் போன்றோர் உண்டு. எனினும் நம்மில் பலர், பிள்ளையைப் பியானோப் பரீட்சையில் கிரேடு எட்டு வரை ஏற்றிச் சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியதும், பள்ளியிறுதி எஸ்.பி.எம். பரீட்சையைக் காரணம் காட்டிப் பியானோவுக்குத் துணி போர்த்திவிடுகிறோம். பெற்றோர்களே, வருகிற பள்ளி விடுமுறையில் பரீட்சைப் புத்தகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, கோயிலில் கேட்ட தேவாரமோ வானொலியில் கேட்ட திரைப்பாட்டோ, தனக்குப் பிடித்த ஒன்றைப் பிள்ளை தானே தேடி வாசிக்க விடுங்கள். தவறுகிற சுரத்தைத் திருத்த உடனே ஓடாதீர்கள்.